கரி வண்டிகள் போன தடத்தில்: லேக் டிஸ்ட்ரிக்டில் மிதிவண்டிப் பயணம்

முதல் நாள்: வைட்ஹேவன் முதல் எனர்டேல் வரை

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பிரியாப் பகுதியில் இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட், ஏரிகளும் மரமற்ற மலைகளும் நெருங்கிக் கிடக்கும் தேசியப் பூங்கா. 1951-ல் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 2017-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. இங்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காரில்தான் வருகிறார்கள். சாலைகளோ, இருபுறமும் கற்சுவர் எழுப்பிய குறுகிய சாலைகள். பல இடங்களில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். கோடை விடுமுறையில் அந்தச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டுகிறவர் மலையையும் பார்ப்பதில்லை, ஏரியையும் பார்ப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் உறுமும் வண்டியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பார்.

ஆகவே கல்லூரியில் படிக்கும் என் மகளும் நானும் மே மாத இறுதியைத் தேர்ந்துகொண்டு, மோட்டார் வண்டி நுழையாத பாதைகளை முதலில் வரைபடத்தில் குறித்தோம். அவற்றை இணைக்கத் தவிர்க்க முடியாத இடங்களில் மட்டும் சிறு சாலைகளைச் சேர்த்துக்கொண்டோம். குறித்து முடித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மக்கள் இயற்கை அழகுக்காக வரும் இந்நாட்டில், கார் போகாத நல்ல பாதைகளில் மிகப் பெரும்பாலானவை தொழில்கள் விட்டுச் சென்றவை. இரும்புத் தாது ஏற்றிய ரயில், மரம் வெட்டிய வனத்துறை என ஏதோ ஒன்று வந்து தடம் போட்டிருக்கிறது. பிறகு அது ஓய்ந்துபோக, தடம் மட்டும் நிலைத்திருக்கிறது.

கார்லைலிலிருந்து கடலோர ரயிலில் வைட்ஹேவன் வந்து இறங்கினோம். ஐரிஷ் கடலிலிருந்து வட கடல் வரை இங்கிலாந்தைக் குறுக்கே கடக்கும் ‘சீ டு சீ’ மிதிவண்டிப் பாதை தொடங்கும் ஊர்களுள் இது ஒன்று. ஏறத்தாழ 225 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை சஸ்ட்ரான்ஸ் என்ற அறக்கட்டளை 1994-ல் திறந்தது. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் மேற்கே தொடங்கிக் கிழக்கே போவதுதான் வழக்கம். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகலாம். துறைமுகச் சரிவில் பின்சக்கரத்தைக் கடல்நீரில் நனைத்துவிட்டுப் புறப்படும் வழக்கமும் உண்டு. முழுப்பாதையும் போகாத எங்களுக்கு அந்த உரிமை உண்டா என்று மகள் கேட்டாள். நனைப்பதற்குக் கட்டணம் இல்லாததால் நனைத்துக்கொண்டோம்.

வைட்ஹேவன் நிலக்கரியால் வளர்ந்த ஊர். சுரங்கங்கள் கடலின் அடியில் பல கிலோமீட்டர் நீண்டிருந்தன. 1910 மே மாதத்தில் வெலிங்டன் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பிலும் தீயிலும் 136 பேர் மாண்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அந்தச் சுரங்கத்தின் காற்றோட்டக் கூம்பு துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இன்றும் நிற்கிறது. கடைசிச் சுரங்கமான ஹேய்க் 1986-ல் மூடப்பட்டது. மிதிவண்டிப் பாதை இந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பி, ஊரின் புறப்பகுதி வீடுகளின் கொல்லைப்புறமாக வளைந்து, பழைய ரயில் தடத்தில் ஏறுகிறது.

கிளீட்டர் மூர், ஃபிரிஸிங்டன், ரௌரா என்று போகும் இந்தத் தடத்தில் ஒரு காலத்தில் ஹெமடைட் என்னும் செந்நிற இரும்புத் தாது இறங்கி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் அந்தத் தாதுவைத் தோண்டினார்கள். கிளீட்டர் மூருக்குச் ‘சின்ன அயர்லாந்து’ என்ற பெயரே இருந்தது. கனமான தாது வண்டிகளை இழுக்கும் நீராவி எஞ்சினால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது. அதனால் தடம் போட்டவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும், நூறு மீட்டருக்கு ஓரிரு மீட்டர் மட்டுமே உயரும்படி சரிவை நிதானப்படுத்தினார்கள். பின்சக்கரத்தின் இருபுறமும் பை தொங்க ஓட்டும் நமக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. ஏறிக்கொண்டிருக்கிறோம் என்பது மூச்சில் தெரிகிறது, முழங்காலில் தெரிவதில்லை.

இந்தப் பகுதியைப் பயணக் கையேடுகள் அவசரமாகக் கடந்துவிடுகின்றன. தொழிலிழந்த ஊர்கள், மூடிய கடைகள், வீட்டுச் சுவருக்கும் தடத்துக்கும் இடையே புதர். ஆனால் நாய்களை நடத்திக்கொண்டு வருகிறவர்களும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அன்றாடம் புழங்குகிற பாதை இதுதான். சுற்றுலாப் பயணிகளுக்காக மட்டும் போட்ட பாதையில் அந்தக் கலகலப்பு இருக்காது. ரௌராவில் தடத்தை விட்டு இறங்கி, சிறு சாலைகளில் எனர்டேல் பிரிட்ஜ் என்ற சிற்றூர் வழியாக ஏரிக்கரையை அடைந்தபோது வெயில் இன்னும் மலை உச்சிகளில் இருந்தது. இந்த மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் இருட்டுக்கு முன் சேர வேண்டும் என்ற பதற்றமே கிடையாது.

இரண்டாம் நாள்: எனர்டேல் பள்ளத்தாக்கு

ஏரிக்கரை நெடுகப் பொதுச்சாலை ஓடாத ஏரி எனர்டேல். வடகரையில் போனெஸ் நாட் என்ற இடத்தோடு சாலை முடிந்து, வாகன நிறுத்தத்துக்கு அப்பால் வனத்துறையின் தடுப்புக் கதவு வருகிறது. அதைத் தாண்டினால் பத்துக் கிலோமீட்டருக்கு இறுகிய கற்பாதை, பள்ளத்தாக்கின் தலைமாடு வரை. உள்ளே இருக்கும் விடுதிக்கும் பண்ணைக்கும் வனப் பணிக்கும் எப்போதாவது ஒரு வண்டி போகும். நாங்கள் போய்த் திரும்பிய நேரத்தில் ஒன்றைத்தான் பார்த்தோம்.

பாதையின் முதல் பகுதி நீரை ஒட்டியே போகிறது. தென்கரையில் மலைச்சரிவு நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அதன் பின்னால் 892 மீட்டர் உயரமுள்ள பில்லர் மலை. அதன் வடமுகத்தில் துருத்தி நிற்கும் பில்லர் பாறையில் முதன்முதலில் ஏறியவர் இந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஜான் அட்கின்சன் என்ற பீப்பாய் செய்யும் தொழிலாளி, ஆண்டு 1826. பாறையேற்றம் கனவான்களின் பொழுதுபோக்காக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உள்ளூர்க்காரர் ஒருவர் ஏறி முடித்துவிட்டார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஏரி முடிந்ததும் ஊசியிலைக் காடு தொடங்குகிறது. இந்தக் காடு பிறந்த கதை சண்டையில் தொடங்கியது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களின் கூரையைத் தாங்கவும் மரம் போதாமல் பிரிட்டன் திண்டாடியதால், 1919-ல் வனத்துறை ஆணையம் உருவாக்கப்பட்டது. விரைவாக வளரும் ஊசியிலை மரங்களை நட நிலம் தேடிய ஆணையம், 1920-களில் எனர்டேலுக்கு வந்தது. ஆடு மேய்ந்த திறந்த சரிவுகளில் ஒரே சீரான கரும்பச்சை வரிசைகள் எழுந்தன, மேய்ப்பர்கள் இடம்பெயர்ந்தார்கள், மலையேறுகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த எதிர்ப்பின் விளைவாக, லேக் டிஸ்ட்ரிக்டின் நடுப்பகுதியில் 300 சதுர மைலில் இனி மரம் நடுவதில்லை என்று ஆணையம் 1936-ல் ஒப்புக்கொண்டது. எதிர்த்தவர்களின் வாதம் நியாயமானது. நேர்க்கோட்டில் நட்ட காட்டில் பறவைகூட அதிகம் இருக்காது. ஆனால் மரம் நடவும் வெட்டவும் போட்ட பாதைதான் எங்களை இன்று இங்கே கொண்டுவந்தது என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

இப்போது அந்தக் காடும் மாறிக்கொண்டிருக்கிறது. 2000-களின் தொடக்கத்திலிருந்து வனத்துறை, இயற்கை எழிலும் வரலாறும் உள்ள இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, குடிநீர் நிறுவனம் ஆகியவை கூட்டாக ‘வைல்ட் எனர்டேல்’ என்ற திட்டத்தை நடத்துகின்றன. பள்ளத்தாக்கின் போக்கை முடிந்தவரை இயற்கையிடமே விட்டுவிடுவது என்பது அதன் கொள்கை. ஊசியிலை மரங்கள் படிப்படியாக வெட்டப்பட்டு, பிர்ச்சும் ரோவனும் ஓக்கும் தாமாக முளைக்கின்றன. ஆடுகளுக்குப் பதிலாகக் கறுப்பு நிற கேலவே மாடுகளைக் காட்டுக்குள் திரியவிட்டிருக்கிறார்கள். கனமான குளம்புகள் தரையைக் கிளறிவிடுவதால் விதைகள் ஊன்ற இடம் கிடைக்கிறது. ஆடோ, முளைத்த கன்றை அடியோடு கறித்துவிடும். பாதையை அடைத்துக்கொண்டு நின்ற அந்த மாடுகளின் முன் நாங்கள் வெகுநேரம் காத்திருந்தோம். மணியடிப்பதால் பயனில்லை.

லைசா ஆறு இந்தப் பள்ளத்தாக்கின் உயிர். கரைகட்டி நேராக்காமல் விட்டதால், வெள்ளம் வரும்போதெல்லாம் அது தன் படுகையை மாற்றிக்கொண்டு, வெளிறிய கூழாங்கல் திட்டுகளை இடம் மாற்றி மாற்றிக் குவிக்கிறது. பனியுகம் முடிந்தபோது இந்த ஏரிகளில் சிக்கிக்கொண்ட ஆர்க்டிக் சார் என்ற குளிர்நீர் மீன், எனர்டேலில் முட்டையிடுவதற்கு ஆற்றில் ஏறுகிறது. மர லாரிகளுக்காக ஓடையொன்றின் குறுக்கே போட்டிருந்த கான்கிரீட் தரைப்பாலம் அந்த மீன்களுக்குத் தடையாக இருந்ததால், அதை அகற்றி மேலே பாலம் கட்டினார்கள். நாங்கள் அந்தப் பாலத்தில் நின்று பார்த்தோம். மீன் ஏறும் பருவம் இலையுதிர்காலத்தின் பிற்பகுதி என்பதால் தண்ணீர் மட்டும் தெரிந்தது.

பாதையின் முடிவில் பிளாக் செய்ல் குடில். மேய்ப்பர் குடிலாக இருந்து 1933-ல் இளைஞர் விடுதியாக மாறிய இந்தத் தாழ்ந்த கல் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் மலை. கிழக்கே 899 மீட்டர் உயரமுள்ள கிரேட் கேபிள் பாதையை முடித்துவைக்கிறது. வெளியே இருந்த பலகையில் உட்கார்ந்து, கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். அதற்கப்பால் நடந்து போகிறவர்களுக்குக் கணவாய்கள் உண்டு. சுமை ஏற்றிய மிதிவண்டிக்கு வழி இல்லை. திரும்பும்போது முழுக்க இறக்கம். கற்பாதையில் வேகமாக இறங்குவதற்கு 40 மில்லிமீட்டர் அகல டயராவது இருந்தால் நல்லது. மெல்லிய டயரோடு வந்த இருவர் தலைகீழாக நிறுத்திய வண்டியருகில் டியூப் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள்: லோஸ்வாட்டர், வின்லேட்டர், கெஸ்விக்

இணைப்புப் பயணம் என்பதால் சாலை அதிகம், எழுத வேண்டியது குறைவு. லாம்ப்ளு வழியாக லோஸ்வாட்டர் ஏரி. அங்கிருந்து லார்ட்டன் பள்ளத்தாக்கு. பிறகு 318 மீட்டர் உயரத்தில் இருக்கும் வின்லேட்டர் கணவாய். காலையில் தொடங்கிய தூறல் நண்பகல் வரை விடவில்லை. கணவாய் ஏற்றத்தில் ஒரு பகுதியைச் சாலையில் போகாமல் காட்டுப் பாதையில் ஏறலாம். சுற்று அதிகம், செங்குத்தும் அதிகம், ஆனால் தனிமை. வின்லேட்டர் காடும் வனத்துறை ஆணையத்தின் தொடக்க கால நடவுகளில் ஒன்று. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் அணில் விரட்டிவிட்ட செவ்வணிலை இங்கே இன்னும் காணலாம். பார்வையாளர் மையத்தின் தீனிப் பெட்டியருகே ஒன்று, மழையைப் பொருட்படுத்தாமல் கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தது.

உச்சியிலிருந்து பிரெய்த்வெய்ட் வரை இறக்கம். ஈரத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப்போயின. கெஸ்விக்கில் துணி உலர்த்தும் அறை இருக்கும் விடுதியைத்தான் தேர்ந்தெடுத்தோம். இங்கே விடுதி தேடுகிறவர்கள் படுக்கையின் மென்மைக்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும்.

நான்காம் நாள்: கெஸ்விக் – திரெல்கெல்ட் ரயில் தடம்

இந்தப் பயணத்தின் மிகக் குறுகிய பாதையும் இதுதான், மிகச் சிறந்ததும் இதுதான் என்பேன். ஒரு வழிக்கு ஐந்து கிலோமீட்டர். நிறுத்தாமல் மிதித்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். நாங்கள் முற்பகல் முழுவதையும் செலவிட்டோம்.

காக்கர்மத், கெஸ்விக், பென்ரித் ஆகிய மூன்று ஊர்களையும் இணைத்த இந்த ரயில் பாதை 1860-களின் நடுவில் திறக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவந்தது என்றாலும், அது போடப்பட்டதன் காரணம் வேறு. கிழக்கே டர்ஹாமிலிருந்து கல்கரி (கோக்) மேற்குக் கடற்கரையின் இரும்பு உலைகளுக்கு வர வேண்டும். மேற்கின் ஹெமடைட் கிழக்கே போக வேண்டும். முதல் நாள் நாங்கள் ஏறிவந்த தாதுத் தடத்தின் சகோதரன் இது. பாதையை வடிவமைத்த பொறியாளர் தாமஸ் பௌச், செலவைச் சுருக்கிக் கட்டுவதில் பெயர்பெற்றவர். ஸ்காட்லாந்தில் அவர் கட்டிய டே பாலம் 1879 டிசம்பர் 28 அன்று புயலில் இடிந்து, ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு ஆற்றில் விழுந்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அவருடைய பெயரைக் கேட்டால் பாலத்தில் ஏறுவதற்குமுன் ஒரு கணம் யோசிக்கத் தோன்றும். ஆனால் கெஸ்விக்கில் பாலங்களை வீழ்த்தியது வேறொன்று.

கிரேட்டா ஆறு ஆழமான மரமடர்ந்த கெவியில் வளைந்து வளைந்து ஓடுகிறது. ஆற்றோடு போட்டிபோடாமல் பாதை அதைக் குறுக்கே மீண்டும் மீண்டும் தாண்டுகிறது. வில் நாண் வடிவ இரும்புப் பாலங்கள், சிலவற்றில் வில் மேலே வளைந்திருக்கும், சிலவற்றில் தலைகீழாகக் கீழே. ஒவ்வொரு பாலத்தின் நடுவிலும் நிறுத்தி, கீழே பழுப்பு நிறத் தண்ணீர் பாறைகளுக்கிடையே நுரைத்துப் போவதைப் பார்க்கலாம். நடுவழியில் லோ பிரையரி என்ற இடத்தில் ஒரு காலத்தில் பாபின் ஆலை இருந்தது. ஆற்றின் விசையில் கடைசல் இயந்திரங்களை ஓட்டி, சுற்றியிருந்த குறுங்காட்டு மரங்களிலிருந்து நூல் சுற்றும் கட்டைகளைச் செய்து லங்காஷையர் பஞ்சாலைகளுக்கு அனுப்பினார்கள்.

கெஸ்விக்குக்கு மேற்கே ரயில் 1966-ல் நின்றது; கெஸ்விக்குக்கும் பென்ரித்துக்கும் இடையே 1972 மார்ச்சில் நின்றது. பாதையின் பல பகுதிகளை ஏ66 நெடுஞ்சாலை விழுங்கியது. நெடுஞ்சாலை வேலையின்போது இங்கிருந்த சுரங்கவழியும் மண்ணால் மூடப்பட்டது. மிஞ்சிய இந்த ஐந்து கிலோமீட்டர் நடைபாதையாகவும் மிதிவண்டிப் பாதையாகவும் மாறி, பூங்காவில் மிக அதிகம் பேர் பயன்படுத்தும் பாதைகளில் ஒன்றானது.

பிறகு டெஸ்மண்ட் புயல் வந்தது. 2015 டிசம்பர் 5 அன்று மாலை முடிந்த 24 மணி நேரத்தில், இங்கிருந்து தெற்கே இருக்கும் ஹானிஸ்டர் கணவாயில் 341.4 மில்லிமீட்டர் மழை பதிவானது. பிரிட்டனில் அதுவரை ஒரு நாளில் பதிவான மழையில் அதுவே அதிகம். கிரேட்டா இரண்டு பாலங்களை அடித்துக்கொண்டு போனது. தடத்தின் கரைகள் பல இடங்களில் சரிந்தன. அந்தத் தேதியைப் பலகையில் படித்ததும் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதே வாரத்தில்தான் சென்னை மூழ்கியது. டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அப்போது தாத்தா வீட்டின் மாடியில் எல்லோரும் இருந்ததை நாங்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், இங்கே இந்தப் பாலங்கள் போய்க்கொண்டிருந்தன. “அப்பா, அங்கே ஆத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டினதைச் சொல்றாங்க. இங்கே கட்டினது பாலம் மட்டும்தானே” என்றாள். நூற்றைம்பது ஆண்டுகள் தாங்கிய பாலம் என்பதால் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆற்றுக்கு அந்த அளவு தண்ணீர் வந்தால் நூற்றைம்பது ஆண்டுகள் என்பது ஒரு பொருட்டில்லை என்பதைத் தவிர நான் சொல்ல ஒன்றும் இல்லை.

பாதையைச் செப்பனிட ஐந்து ஆண்டுகளும் ஏறத்தாழ 80 லட்சம் பவுண்டும் ஆயின. புதிய பாலங்களை முன்பிருந்ததைவிட உயரமாகவும் ஆற்றின் நடுவில் தூண் இல்லாமலும் கட்டினார்கள். மூடிக்கிடந்த சுரங்கவழியையும் தோண்டித் திறந்தார்கள். 2020 டிசம்பரில், புயல் அடித்த அதே ஐந்தாம் தேதியில் பாதை மறுபடி திறக்கப்பட்டது. தரைக்குத் தார் போடலாமா என்பதில் பெரிய சச்சரவு நடந்தது. கிராமப்புறத் தன்மை கெட்டுவிடும் என்றார்கள் ஒரு தரப்பினர். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும் போக வேண்டுமே என்றார்கள் மறு தரப்பினர். தார் வென்றது. நாங்கள் சென்ற முற்பகலில் சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டி, கைகளால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டியில் ஓர் இளைஞர், மிதிக்கக் கற்றுக்கொள்ளும் சிறுவர்கள் எனப் பலரைப் பார்த்த பிறகு எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை. ரயில் ஓடிய காலத்தில் இங்கே இருந்தது புகையும் இரைச்சலும். எந்தக் கிராமப்புறத் தன்மையைத் தார் கெடுத்துவிட்டது என்று தெரியவில்லை.

மாலையில் மழை ஓய்ந்ததும் காஸில்ரிக் கல்வட்டத்துக்கு ஏறினோம். சிறிய சாலைதான், ஆனால் செங்குத்து. கடைசி கியருக்கும் கீழே ஒரு கியர் வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட, நாற்பதுக்கு நெருங்கிய கற்கள். சுற்றிலும் எல்லாத் திசையிலும் மலை. 1913-ல் இந்த நிலத்தை வாங்கி நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைக்க முன்னின்றவர் கெஸ்விக்கின் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி. 1895-ல் அந்த அமைப்பை நிறுவிய மூவருள் ஒருவரும் அவர்தான். அவரை நாளையும் சந்திப்போம்.

ஐந்தாம் நாள்: விண்டர்மியர் மேற்குக் கரை

கெஸ்விக்கிலிருந்து தெற்கே விண்டர்மியருக்குப் போக மிதிவண்டிக்கென்று முழுமையான பாதை இல்லை. டன்மெய்ல் ரெய்ஸ் என்ற கணவாய் வழியாகப் போகும் ஏ591-ல் லாரியும் பேருந்தும் விடாமல் ஓடுகின்றன. பூங்காவின் வடக்கையும் தெற்கையும் இணைக்க இந்த ஒரு துண்டு மட்டும் இருந்தால் எவ்வளவோ பேர் காரை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். அது ஏன் இன்னும் முடியவில்லை என்பதுதான் எனக்கு இந்தப் பூங்காவின் மீதுள்ள பெரிய மனக்குறை. மிதிவண்டிகளை ஏற்றிக்கொள்ளும் வாடகை வேன் ஒன்றை அமர்த்தினோம்.

வழியில் தர்ல்மியர். ஏரி போலத் தெரிந்தாலும் இது அணை. மான்செஸ்டர் மாநகராட்சி 1879-ல் நாடாளுமன்றச் சட்டம் பெற்று, இரண்டு குடியிருப்புகளை மூழ்கடித்து, நீர்மட்டத்தை ஏறத்தாழ 15 மீட்டர் உயர்த்தியது. 1894-ல் இந்தத் தண்ணீர் 154 கிலோமீட்டர் தூரத்திலிருந்த மான்செஸ்டரை அடைந்தது. வழியில் எங்கும் இறைப்பு இயந்திரம் கிடையாது, சரிவு ஒன்றே இழுத்துச் செல்கிறது. இதை எதிர்த்து நடந்த போராட்டம் தோற்றது. ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து கற்றவர்கள்தான் பின்னாளில் நேஷனல் டிரஸ்டை எழுப்பினார்கள்; ரான்ஸ்லியும் அவர்களில் ஒருவர்.

விண்டர்மியரின் கிழக்குக் கரை ஊரான போனெஸ்ஸில் இறங்கி, ஏரியைக் கடக்கும் கம்பிவடப் படகில் ஏறினோம். விண்டர்மியர் இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி. ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளம், ஆனால் நடுவில் மெலிந்திருக்கும் இந்த இடத்தில் அகலம் அரை கிலோமீட்டர்தான். ‘மல்லார்ட்’ என்ற பெயருள்ள படகு, இரண்டு கரைகளிலும் கட்டிய இரும்பு வடங்களைப் பற்றிக்கொண்டு தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகிறது. பதினெட்டுக் கார்கள் ஏறும். கோடையில் கார் வரிசை நெடுந்தூரம் நிற்கும். மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக முன்னால் போய்விடலாம்.

அக்கரையில் இறங்கி வடக்கே திரும்பினால் கிளெய்ஃப் காட்டினூடே ரே கோட்டை வரை ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர் ஏரிக்கரைப் பாதை. ரயிலும் மரமும் போட்ட தடங்களுக்கு நடுவில் இது ஒரு விதிவிலக்கு. இங்கே முதலில் வந்தது காட்சி பார்க்கும் மோகம். பாதை தொடங்கும் இடத்துக்கு மேலே 1790-களில் கட்டிய ஒரு காட்சி மாடம் இருக்கிறது. அதன் சன்னல்களில் பல நிறக் கண்ணாடிகளைப் பதித்திருந்தார்கள்: ஒன்றின் வழியே பார்த்தால் ஏரியில் வசந்தம், இன்னொன்றில் இலையுதிர்காலம், கருநீலத்தில் நிலவொளி. ஒரே பகலில் ஓர் ஆண்டு முழுவதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது அக்காலச் சுற்றுலாப் பயணியின் ஏற்பாடு. நேஷனல் டிரஸ்ட் அதைச் செப்பனிட்டு மறுபடியும் நிறக் கண்ணாடி வைத்திருக்கிறது. மகள் எல்லா நிறத்தையும் கைப்பேசியில் படமெடுத்தாள். இன்று நாம் படங்களுக்கு வடிகட்டி போடுவதை அவர்கள் சன்னலிலேயே செய்துவிட்டார்கள்.

பாதையின் முதல் பகுதி சீரான தரை. நடுவில் ஓக் வேர்களும் கற்களும் துருத்தி, மிதிவண்டி குதிக்கும். இங்கிலாந்தில் நடைபாதை என்று குறித்த இடத்தில் மிதிவண்டி ஓட்ட உரிமை இல்லை. குதிரைப் பாதை என்று குறித்த இடத்தில் 1968-ம் ஆண்டுச் சட்டத்தால் உரிமை கிடைத்தது, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். வரைபடத்தில் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பாதை வகுக்கக் கூடாது. இங்கே நடப்பவர்கள் மிகுதி என்பதால் வேகம் எடுக்கவில்லை. வலப்பக்கம் முழுக்கத் தண்ணீர். எதிர்க்கரையில் விடுதிகளும் படகுத்துறைகளும் காரொலியும் இருக்கின்றன. அரை மணி நேரத்துக்கு அவை வெறும் காட்சியாக மட்டும் இருந்தன.

ரே கோட்டை உண்மையான கோட்டை இல்லை. ஜேம்ஸ் டாசன் என்ற லிவர்பூல் அறுவை மருத்துவர், மனைவி வழியில் வந்த ஜின் வணிகச் செல்வத்தைக் கொண்டு 1840-களில் கட்டிய பகட்டு மாளிகை. 1882-ல் பியாட்ரிக்ஸ் பாட்டர் பதினாறு வயதில் பெற்றோருடன் இங்கே கோடையைக் கழித்தார். அப்போது இந்தச் சிற்றூரின் பாதிரியாராக இருந்தவர் ரான்ஸ்லி. அந்தப் பழக்கத்தின் பலன் 1943-ல் தெரிந்தது: குழந்தைகளுக்கான நூல்களால் சம்பாதித்த பணத்தில் பாட்டர் வாங்கிச் சேர்த்த பண்ணைகளும் நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் அவருடைய மரணத்துக்குப் பின் நேஷனல் டிரஸ்டுக்குச் சென்றன. இந்த மலைக்கே உரிய ஹெர்ட்விக் ஆடுகளைத் தொடர்ந்து வளர்க்க வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். ஹாக்ஸ்ஹெட்டுக்குப் போகும் வழியில் அந்த ஆடுகள் சுவரோரம் நின்றன. குட்டி கறுப்பாகப் பிறந்து, வளர வளர முகம் வெளுத்து, உடல் சாம்பலாகிறது.

ஆறாம் நாள்: கிரைஸ்டேல் காடு, திரும்புதல்

ஹாக்ஸ்ஹெட்டிலிருந்து கிரைஸ்டேல் காட்டுக்கு மூர் டாப் ஏற்றம். குட்டைச் சாலைதான் என்றாலும் காலை உணவு செரிக்கும் முன் ஏறக் கூடாது. கெண்டல் மின்ட் கேக் என்ற கட்டியை வாயில் போட்டுக்கொண்டு ஏறினோம். சர்க்கரை, குளுக்கோஸ், புதினா எண்ணெய் தவிர அதில் வேறொன்றும் இல்லை. புதினா மணக்கும் கற்கண்டு என்றாள் மகள்.

மேலே போனதும் சாலையை மறந்துவிடலாம். கிரைஸ்டேல் முழுவதும் வனத்துறையின் கற்பாதைகள் வலைபோலப் பரவி, நிற அம்புக்குறிகளால் வழிகாட்டுகின்றன. கரடுமுரடான மலை மிதிவண்டித் தடங்கள் தனியே இருக்கின்றன. சுமையோடு வருகிறவர்கள் அகன்ற காட்டுப் பாதைகளிலேயே நாள் முழுக்கச் சுற்றலாம். நீளமான சைலூரியன் வே சுற்றில் மேடுபள்ளம் நிறைய. அதில் பாதியை ஓட்டினோம். 1977 முதல் இந்தக் காட்டுக்குள் சிற்பங்களை வைத்து வருகிறார்கள். மரமும் கல்லும்தான் பொருள் என்பதால் மழையிலும் பாசியிலும் பல மக்கிப்போகின்றன; அப்படி மக்க விடுவதும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி 1990-ல் கட்டிய, மரங்களுக்கிடையே பாம்பாக வளைந்து போகும் உலர்கற்சுவர் இன்னும் நிற்கிறது.

பார்வையாளர் மையம் இருக்கும் இடத்தருகே கிரைஸ்டேல் ஹால் என்ற மாளிகை இருந்தது, 1957-ல் இடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய அதிகாரிகளை அங்கே சிறை வைத்திருந்தார்கள். 1940 அக்டோபரில் ஃபிரான்ஸ் ஃபான் வெர்ரா என்ற விமானி, உடற்பயிற்சி நடையின்போது சுவரைத் தாண்டித் தப்பினார். இந்த மலைகளில் சில நாட்கள் மழையில் திரிந்து பிடிபட்டார். பிறகு கனடாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்தும் தப்பி, அடுத்த ஆண்டு ஜெர்மனிக்கே போய்ச் சேர்ந்தார். ஊரறிந்த சாலைகளைத் தவிர்த்துவிட்டு இந்த மலையில் இரவில் நடந்தவரின் நிலையை, பகலில் நல்ல வரைபடத்தோடு வந்த எங்களால் ஓரளவு கற்பனை செய்ய முடிந்தது.

பிற்பகலில் படகுத்துறைக்கு இறங்கி, ஏரியைக் கடந்து, விண்டர்மியர் ரயில் நிலையத்துக்கு ஏறினோம். 1844-ல் இந்த ரயில் பாதைத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்துக் கவிதையும் நாளிதழுக்குக் கடிதங்களும் எழுதியவர் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். ஆலைத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக வந்து அமைதியைக் குலைப்பார்கள் என்பது அவருடைய அச்சம். 1847-ல் ரயில் வந்தது, தொழிலாளர்களும் வந்தார்கள். காரில்லாமல் இங்கே வர நினைக்கும் எவருக்கும் இன்றும் அதுவே முதன்மையான வழி.

மிதிவண்டியோடு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டர்மியருக்கும் ஆக்ஸன்ஹோமுக்கும் இடையே ஓடும் சிறிய ரயிலில் முன்பதிவு கிடையாது. ஒரு ரயிலில் இரண்டு மிதிவண்டிகளுக்குத்தான் இடம், முதலில் வருபவருக்கு முன்னுரிமை. ஆக்ஸன்ஹோமில் மாறும் நெடுந்தூர ரயிலுக்கு மிதிவண்டிக்கும் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். நாங்கள் நடைமேடைக்குப் போனபோது எங்களுக்கு முன்பாகவே இரண்டு மிதிவண்டிகள் அங்கே நின்றன, அடுத்த ரயிலில்தான் வந்தோம்.